தொட்டித் தண்ணீரில் கால் கழுவியவன்

றோஸ்மலர் முதலில் கண்டது அவன் கண்களை அல்ல... கால்களைத்தான்.

தேவாலய வாசலுக்கு வெளியே, தூறல் மழையில், சுவரோடு சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். காற்சட்டை முழங்கால்வரை மடிந்திருந்தது. சப்பாத்து இரண்டும் படியோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. தூக்கிய காலின் மேல் வெள்ளிச் சாடியால் தண்ணீர் வார்த்துப் பெருவிரல் இடுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

அந்தச் சாடியை அவள் நேற்றுத்தான் அரை மணிநேரம் நின்று துலக்கியிருந்தாள். அந்தத் தண்ணீரை இன்று காலை நாலு முறை கேத்தல் கொதிக்கவைத்து, பச்சைத் தண்ணீரோடு விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து நிரப்பியிருந்தாள். அக்கா ஜெயமலரின் மூன்று மாதக் குழந்தைக்கு இன்னும் சற்று நேரத்தில் ஞானஸ்நானம். றோஸ்மலர்தான் ஞானத்தாய்.

"என்ன செய்யிறியள்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கலவரமே இல்லாத முகம்.

"கால் கழுவுறன், தங்கச்சி."

"அது தெரியுது... எந்தத் தண்ணியில?"

"உள்ளுக்கை வாசலடியில கல்தொட்டி இருக்கு. நிறையத் தண்ணி. பக்கத்தில சாடி. கோயிலுக்குள்ள போக முதல் கால் கழுவத்தானே வைச்சிருக்கு?" மற்றக் காலைத் தூக்கினான். "சுடுதண்ணி வேற. இவங்கள் நல்ல ஆக்கள்தான் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறன்."

"அது ஞானஸ்நானத் தொட்டி!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"பிள்ளையின்ரை தலையில வாக்கிற தண்ணி. எண்ணூறு வருசமா இந்தத் தொட்டியிலதான் வாக்கினம். எண்ணூறு வருசத்தில கால் கழுவின முதல் ஆள் நீங்கள்தான்!"

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தாள். அவன் அசடு வழிந்து நெளிவான், இல்லையென்றால் நியாயம் பேசுவான்... இரண்டில் எதைச் செய்தாலும் பிடித்து உலுக்கலாம் என்று காத்திருந்தாள். அவன் இரண்டையும் செய்யவில்லை. காலை இறக்கினான். சாடியைக் கவனமாகப் படியில் வைத்தான்.

"பிழை என்ரை. காலை உள்ளுக்கை வைக்கேல்லை, சாடியாலதான் அள்ளினனான். எண்டாலும் பிழைதான். எவ்வளவு நேரம் இருக்கு?"

"முப்பத்தஞ்சு நிமிசம்..."

"காணும், அவ்வளவு போதும். வாளி எங்க?"

அப்போதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற கண்கள் அல்ல. வேலை செய்து கொடுக்கிற கண்கள். கன்னங்கரேலென்று, மழைத்துளி தொங்கும் இமைகளோடு... சே, இப்போது இதுவா முக்கியம்!

"இன்னொண்டு. என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிடாதேங்கோ. நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை."

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"கூப்பிடவே வேண்டாம். வாளி அந்தக் கதவுக்குப் பின்னால."

அவள் அடைப்பானின் சங்கிலியை இழுத்தாள். தொட்டித் தண்ணீர் அசைந்தும் கொடுக்கவில்லை. அவன் எட்டிப் பார்த்தான்.

"கீழ அடைச்சுப்போய்க் கிடக்கு. அள்ளித்தான் ஊத்தோணும். தள்ளுங்கோ."

"நான் ஏன் தள்ளோணும்? நீங்கள் அள்ளுங்கோ, நான் ஊத்துறன்."

இருவருமாக அள்ளினார்கள், துடைத்தார்கள், மறுபடி கேத்தல் வைத்தார்கள். தண்ணீர் கொதிக்கும்வரை அவன் சும்மா நிற்கவில்லை. ஈரக்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினான். சதுரத் தொட்டி, நடுவில் ஒரு தடித்த தூண், மூலைக்கொரு மெல்லிய தூண். கருமை கலந்த பச்சை.

"இது சுண்ணாம்புக்கல்."

"இல்லை, மாபிள் கல். அப்பா அப்பிடித்தான் சொல்லுறவர்."

"தேய்ச்சு மினுக்கினதால மாபிள் மாதிரித் தெரியுது. இஞ்ச பாருங்கோ... முழுக்க நத்தை ஓடு."

குனிந்து பார்த்தாள். கல்லுக்குள் சின்னச்சின்னச் சுருள்கள். நூற்றுக்கணக்கில். ஏழு வருடமாகச் சனிக்கிழமைதோறும் இந்தத் தொட்டியைத் துடைக்கிறாள், ஒன்றைக்கூடக் கண்டதில்லை. துடைக்கிறவளுக்கு அழுக்குத்தான் கண்ணில் படும். இவனுக்குக் கல் படுகிறது...

அவன் பெயர் புவனேசன். அக்காவின் புருசன் பவித்திரனோடு கட்டட வேலை செய்கிறவன். கூட்டாளி கூப்பிட்டான் என்பதற்காகச் லண்டனின் சட்டன் பகுதிக்கு இரண்டு பஸ் ஏறி வந்திருந்தான். 2007 ஜூலை, மழை விட்டபாடில்லாத கோடை. ஞானஸ்நானம் நல்லபடி நடந்தது. குழந்தையைக் கையில் ஏந்தி, தீமையை வெறுக்கிறேன் என்று றோஸ்மலர் வாக்குக் கொடுத்தபோது, அவள் பார்வை ஒரு தரம் கடைசி வரிசை வாங்குக்குப் போய் வந்தது. எல்லாரும் சப்பாத்தோடு இருந்த தேவாலயத்தில் ஒருவன் மட்டும் வெறுங்காலோடு கைகட்டி நின்றான்.

ஆராதனை முடிந்ததும் அருள்நேசன் தொட்டியடிக்கு விருந்தாளிகளைக் கூட்டிவந்தார். றோஸ்மலரின் அப்பா. ஊரில் கந்தோர் உத்தியோகம் பார்த்த மனிதர். லண்டனில் இருபத்திரண்டு வருடம் ரயில் நிலையத்துப் பிளாட்பாரம் கூட்டினார். ஓய்வெடுத்த பிறகு இந்தத் தேவாலயத்தின் கதவுத் திறப்புக்கோர்வை கைக்கு வந்தது. யார் வந்தாலும் தொட்டியின் கதையை அவர்தான் சொல்வார். சொல்லும்போது முதுகு நிமிரும். வெள்ளைக்காரர் வாய்மூடிக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் அவரை அப்படி நின்று கேட்டதில்லை.

"இந்த விளிம்பில கை வைச்சுப் பாருங்கோ. ஒன்பது பள்ளம். எண்ணூறு வருசமா ஞானத்தாய்மார் விரல் ஊண்டி ஊண்டித் தேய்ஞ்ச அடையாளம். எத்தினை தாய்மார்... எத்தினை சந்ததி..."

கூட்டத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். புவனேசனும் பெருவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. விரல் பட்டால் கல் வழுவழுப்பாகும். இப்பிடி ஒடுங்கலா, ரெண்டு பக்கமும் சரிஞ்சு பள்ளம் விழாது. இது கத்தி தீட்டின அடையாளம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அருள்நேசனின் முதுகு மெல்ல வளைந்தது.

"தம்பி என்ன படிச்சனீர்?"

"படிக்கேல்லை ஐயா. கல் உடைச்சனான்."

வெளியே மழை அடித்துக் கொட்டியது. படியோரச் சப்பாத்து இரண்டிலும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அவன் அவற்றைக் கவிழ்த்து ஊற்றுவதைப் பார்த்து றோஸ்மலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள்.

"வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாமே?"

"கல்லைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது."

"மற்றதைப் பற்றி?"

அவன் பையை வாங்கிக்கொண்டான். "மற்றதைப் பற்றி ஒருத்தரும் இன்னும் என்னட்டைக் கேக்கேல்லை."

போய்விட்டான், வெறுங்காலோடு, பஸ்தரிப்பு வரைக்கும். அப்பாவை அவமானப்படுத்தியவன். கோபம் வரவேண்டும். வந்தது... ஆனால் கோபத்துக்குள்ளே வேறு எதுவோ, வெதுவெதுப்பாக...

* * *

செப்டெம்பரில் தொட்டியைக் கழற்ற அனுமதி வந்தது. அடியில் இருந்த வடிகால் அடைபட்டு, தரை ஒரு பக்கம் தாழ்ந்துகொண்டிருந்தது. தூக்கி வைத்து, வடிகால் திறந்து, அடித்தளம் போட்டு மறுபடி நிறுத்தவேண்டும், நாலு வாரம். அப்பாவுக்கு முழங்கால் நோவு. திறப்புக்கோர்வை றோஸ்மலரிடம் வந்தது.

அவள் ஆஸ்பத்திரி உடுப்புகள் வெளுக்கும் இடத்தில் காலை ஐந்து மணி ஷிப்ட். ஒரு மணிக்கு முடித்து, கஞ்சிப்பசை மணக்கும் கையோடு தேவாலயத்துக்கு வந்தாள். வாசலில் ஒரு வான் வண்டி நின்றது. மரச்சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

"நீங்களோ?"

"நான்தான்." புவனேசன் சப்பாத்தைக் காட்டினான். "இந்தமுறை வீட்டிலயே கால் கழுவிட்டு வந்தனான்."

அவனைத் தவிர இரண்டு பேர், ஒரு மேற்பார்வையாளர். ஆனால் கல்லைத் தொடுகிற வேலை வந்தால் மூவரும் விலகி அவனுக்கு இடம் விட்டார்கள். அதை அவள் கவனித்தாள். அவன் கத்தவில்லை, ஓடவில்லை. ஆப்பு ஒவ்வொன்றையும் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி தட்டினான்.

தூக்குகிற நாளன்று சங்கிலிக் கப்பி முறுகி ஏறியது. அரைத் தொன் கல். ஒரு விரல்... இரண்டு விரல்... திடீரென்று தொட்டி ஒரு பக்கமாகச் சுழலப் பார்த்தது. பக்கத்தில் நின்ற றோஸ்மலர் யோசிக்கவில்லை. வழிகாட்டுக் கயிற்றைப் பாய்ந்து பிடித்தாள்.

"கையை எடுங்கோ!"

"ஏன் எடுக்கோணும்? ஈரத்துணிக் கூண்டு இருநூறு கிலோ, ஒவ்வொரு நாளும் தள்ளுறன்!"

"அப்ப காலை அகட்டி நில்லுங்கோ. இழுக்காதேங்கோ, சும்மா இறுக்கிப் பிடியுங்கோ... அப்பிடித்தான்."

கயிற்றின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவன். நடுவில் தொங்கியது எண்ணூறு வருடம். தொட்டி மெல்ல நிதானித்து மரக்கட்டையில் உட்கார்ந்தபோது இருவருக்கும் மூச்சு ஒன்றாக வெளியே வந்தது. அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். பவுடர் போட்ட கைகள் அல்ல. வெந்நீரும் மருந்தும் தின்ற, விரல்முட்டி தடித்த கைகள். அவள் இழுத்து மறைக்கப் போனாள்.

"ஏன் மறைக்கிறியள்? வேலை தெரிஞ்ச கை."

இருபத்தொன்பது வயதுவரை எத்தனையோ பேர் அவளுடைய கண் அழகு, தலைமயிர் அழகு என்றிருக்கிறார்கள். கையைப் பற்றி ஒருவனும் சொன்னதில்லை. முகம் சுட்டது... சன்னலுக்கு வெளியே நல்ல வேளையாக மழை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொட்டியின் பக்கவாட்டில், இவ்வளவு நாளும் தேவாலயத் தூண் ஒன்று மறைத்திருந்த இடத்தில், ஈயம் ஊற்றி அடைத்த துவாரம் ஒன்று இருந்தது. புவனேசன் அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இது மாட்டுத்தொட்டியா இருந்திருக்கு. கழுவித் தண்ணியை வெளிய விடுறதுக்கு ஆரோ துளைச்சிருக்கினம்."

"இதை அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. உயிர் போயிடும்."

"நான் சொல்லேல்லை. கல் சொல்லுது."

கல் மட்டும் சொல்லவில்லை. போதகர் ஹெலன் அம்மா பழைய பங்குப் புத்தகத்தின் பிரதியைத் தேடி எடுத்துவந்தார். இங்கிலாந்தின் உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் தொட்டியைத் தூக்கி வெளியே எறிந்திருந்தார்கள். பதினாறு வருடம் அது ஒரு பண்ணை முற்றத்தில் கிடந்தது. 1661இல் நாலு எருதுகள் பூட்டித் திரும்ப இழுத்துவந்தார்கள் என்று எழுதியிருந்தது. அருள்நேசன் அந்தக் காகிதத்தை வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்று தொட்டியடிக்குப் போகாமலே வீடு திரும்பினார்.

ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீரோடு றோஸ்மலர் போவது நிற்கவில்லை. மற்றவர்கள் வெளியே சிகரெட் பிடிக்கப் போவார்கள். இவர்கள் இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

"சீனி கூடிப்போச்சு."

"கல் உடைக்கிற ஆளுக்குக் காணாது எண்டு போட்டனான்."

"நீங்கள் கிளறின கையாலயே இனிச்சிருக்கும்."

"சினிமா வசனம் பேசாதேங்கோ. உங்களுக்குப் பொருந்தேல்லை."

"ஓம், எனக்கும் பேசும்போதே தெரிஞ்சுது..."

சிரித்துவிட்டார்கள். தூணெல்லாம் அதிர்ந்தது.

மூன்றாவது வாரம், சுண்ணாம்புச் சாந்து குழைக்கையில் ஒரு துளி தெறித்து அவன் கண்ணில் விழுந்தது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு குந்தினான். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய வேலையிடத்தில் காரமருந்து தெறிக்காத மாதம் இல்லை. கைக்கு அகப்பட்டது வெள்ளிச் சாடி. குழாயில் பிடித்து ஓடிவந்தாள்.

"தலையைச் சரியுங்கோ. கண்ணைத் திறவுங்கோ."

"ஏலாது... எரியுது..."

"திறவுங்கோ எண்டு சொல்லுறன்!"

ஒரு கையால் அவன் நெற்றியைப் பிடித்து, விரலால் இமையை விலக்கி, தண்ணீரை வார்த்தாள். சாடி முடிய நிரப்பினாள். மறுபடி வார்த்தாள். கால் மணிநேரம். சிவந்து கலங்கிய கண்ணில் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது... நடுவில் அந்தக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் சின்னதாக அவள்.

"தெரியுதோ?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

அவன் கண்ணை மூடவில்லை. அவளும் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

வாசலில் தடி தட்டும் சத்தம் கேட்டது. அருள்நேசன் நின்றுகொண்டிருந்தார்.

* * *

அப்பா சத்தம் போடுகிற ஆள் அல்ல. கடைசி வாங்கில் உட்கார்ந்தார். புவனேசனை முன்னால் நிற்கவைத்துக் கேட்டார்.

"தம்பி ஊரில எவடம்?"

"காங்கேசன்துறைப் பக்கம்."

"தகப்பன் என்ன செய்தவர்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன சாதி என்ற கேள்வி இருக்கிறது என்று அந்த மண்ணில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். றோஸ்மலர் பல்லைக் கடித்தாள். அவனோ நேரே பார்த்துச் சொன்னான்:

"சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் உடைச்சவர். அம்மா கூடை சுமந்தவ. நான் பன்னிரண்டு வயசில சுத்தியல் பிடிச்சனான்."

அருள்நேசன் கொஞ்ச நேரம் தடியின் பிடியைத் தடவினார்.

"சரி. நானும் பிளாட்பாரம் கூட்டினவன்தான். அதை விடுவம். என்ரை பிள்ளையைக் கேக்கிறதெண்டால் ஒண்டே ஒண்டு. இந்தத் தொட்டியில நீர் ஞானஸ்நானம் எடுக்கோணும். மூத்த மருமகனும் எடுத்தவர்."

"ஐயா, அவவுக்கு விருப்பமோ எண்டு நானே இன்னும் கேக்கேல்லை. நீங்கள் முந்தீட்டியள்." அவன் சிரிக்கவில்லை. "கேக்கத்தான் இருந்தனான். ஆனால் ஞானஸ்நானம் ஏலாது."

"ஏன்? எங்கட கடவுள் உமக்குக் குறைச்சலோ?"

"இல்லை. பொம்பிளைக்காகத் தலையை நனைச்சால் அது உங்கட கடவுளுக்குத்தான் குறைச்சல்."

அப்பா தடியை ஊன்றி எழுந்து போய்விட்டார். மழைச்சத்தம் மட்டும் கூரையில்.

"எனக்காகக் கூட ஏலாதோ?" றோஸ்மலர் கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"உங்களுக்காக எண்டால் இன்னும் ஏலாது. ஒருநாள் எனக்கா மனசு வந்தால் நானே வந்து குனிவன். மனசு வராமல் இப்பக் குனிஞ்சால், நீங்கள் கட்டுறது ஒரு பொய்க்காரனை."

"பெரிய அரிச்சந்திரன்! ஒரு கை தண்ணிதானே... அதுக்காக என்னை விட்டிடுவியளோ?"

"நான் விடேல்லை. வெள்ளிக்கிழமை இந்தத் தொட்டியைத் தூக்கி நிறுத்திப்போட்டு, வெளியில படிக்கல் பதிக்கோணும். அதுவரைக்கும் நிப்பன். விடுறதெண்டால் நீங்கள்தான் விடோணும்."

அவள் சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. திறப்பை ஹெலன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். நான் ஏன் போகவேண்டும்? என்னைவிட அவனுக்கு அவனுடைய ரோசம் பெரிது!

ஆவி பறக்கும் வேலையிடத்தில் துணிக்கூண்டைத் தள்ளிக்கொண்டே பல்லைக் கடித்தாள். இடைவேளையில் அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, அத்தான் இந்தக் கிழமை சேர்ச்சுக்கு வருவாரோ?"

"என்ன பகிடியோ? உந்த மனிசன் ஞாயிற்றுக்கிழமை எழும்புறதே பத்தரைக்கு. கலியாணத்துக்கு முதல் தலையை நனைச்சதோட சரி. பிறகு பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்குத்தான் படியேறினவர்."

"அது உனக்குப் பரவாயில்லையோ?"

மறுமுனையில் குழந்தை சிணுங்கியது. ஜெயமலர் அதைத் தட்டிச் சமாதானப்படுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒருக்காலும் கேக்கேல்லை நான், அவர் அண்டைக்கு மனசோடதான் செய்தவரோ எண்டு. கேக்கப் பயம்..."

றோஸ்மலர் போனை வைத்தாள். கூண்டுக்குள் ஆயிரம் வெள்ளை விரிப்புகள். எல்லாம் ஒரே மாதிரி வெளுப்பு. இனித் தன் வாழ்நாளில் எதைக் கேட்கப் பயப்படவேண்டும் என்று யோசித்தாள். அவனிடம் எதையுமே கேட்கப் பயமில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவான், சனியன். கல்லைப் போல.

அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டாள். அழவில்லை, ஜெபிக்கவில்லை. ஷிப்டை முடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள்.

அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். அதை நிறுத்தினாள்.

"அப்பா, ஒண்டு கேக்கிறன். பதினாறு வருசம் மாடு தண்ணி குடிச்சிருக்கு அந்தத் தொட்டியில. கத்தி தீட்டியிருக்கினம். பக்கத்தில ஓட்டை போட்டிருக்கினம். திரும்பிக் கொண்டுவந்தாப்பிறகு அந்தக் கல்லுக்கு ஆராவது ஞானஸ்நானம் குடுத்தவையோ?"

"விசர்க்கதை கதையாத. கல்லுக்கு ஆர் குடுப்பினம்?"

"அப்ப அப்பிடியே எடுத்தவை. ஓட்டையை அடைச்சிட்டு, உள்ளபடியே எடுத்தவை. அதிலதான் என்னையும் மூண்டு மாதத்தில... இல்லை, என்னை ஊரில. ஆனால் அக்காவின்ரை பிள்ளையை அதிலதானே நனைச்சது? ஒரு குறையும் வரேல்லையே?"

அருள்நேசன் தடியை எடுத்து மடியில் வைத்தார்.

"கல்லை உள்ளபடியே எடுக்க ஏலும். மனிசனை மட்டும் பொய் சொல்லவைச்சுத்தான் எடுப்பியளோ? அத்தானுக்கு இந்தத் தொட்டியில தண்ணி வார்த்தனீங்கள். நாலு வருசமா அக்கா ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டு இருக்கிறா. எனக்கும் அதுதான் வேணுமோ?"

"அவன்... என்னைச் சனத்துக்கு முன்னால..."

"ஓம். உங்களைச் சனத்துக்கு முன்னால சங்கடப்படுத்தினவர். ஆனால் பொய் சொல்லேல்லை. அப்பா, நான் அவரைத்தான் கட்டுவன். நீங்கள் சேர்ச்சில வந்து என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கோணும். அது எனக்கு வேணும். அதுதான் கேக்கிறன், இல்லையெண்டால் கேக்காமலே போயிருப்பன்."

அப்பா சுவரைப் பார்த்தார். அவள் தொலைக்காட்சியைத் திரும்பப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிரவு அவர் இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை தொட்டி நிமிர்ந்து நின்றது. நத்தை ஓடுகள் தெரிகிற மாதிரி யாரோ நல்லெண்ணெய் போட்டது போல மினுங்கியது. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கடகடவென்று கீழே மண்ணுக்குள் இறங்கியது. ஆராதனை முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் தொட்டியைச் சுற்றி நின்றது. அருள்நேசன் தடியோடு வந்தார். தேத்தண்ணீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த றோஸ்மலரின் கை அப்படியே நின்றது.

"இந்த விளிம்பில கை வைச்சுப் பாருங்கோ. ஒன்பது பள்ளம்..."

அப்பா நிறுத்தினார். பெருவிரலை ஒரு பள்ளத்தில் வைத்தார்.

"இது கத்தி தீட்டின அடையாளம். இந்தத் தொட்டி பதினாறு வருசம் ஒரு பண்ணையில மாட்டுக்குத் தண்ணி வைச்சது. திரும்பி வந்தது. எங்களைப்போல அதுவும் எறிபட்டுத் திரும்பி நிக்குது." முதுகு நிமிர்ந்தது. முன்னைவிட நிமிர்ந்தது. "எனக்கும் தெரியாது. கல் வேலை தெரிஞ்ச எங்கட பெடியன் ஒருத்தன்தான் கண்டுபிடிச்சவன்."

எங்கட பெடியன்...

அவள் கோப்பைகளை அப்படியே போட்டாள். கேத்தலைத் தூக்கினாள். பிளாஸ்டிக் பேசினில் ஊற்றினாள், பச்சைத்தண்ணீர் கலந்தாள், முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க, நடுவழியால் வாசலுக்கு நடந்தாள்.

வெளியே தூறல். வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கவேண்டிய படிக்கல் வேலை மழையால் இழுபட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் புவனேசன் தனியாக முழந்தாளிட்டு, கடைசிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். காலடி கேட்டு நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி. அதே கண்கள். அதே கறுப்பு.

"உள்ள வரேல்லையோ?"

"கால் முழுக்கச் சேறு."

அவள் பேசினை அவன் பதித்த படிக்கல்லின் மேல் வைத்தாள்.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"என்ன இது?"

"சுடுதண்ணி. இங்கத்தைய ஆக்கள் நல்ல ஆக்கள் எண்டு சொன்னனீங்கள்தானே?"

அவன் சுத்தியலை மெல்லக் கீழே வைத்தான். சப்பாத்தைக் கழற்றினான். கால் தண்ணீருக்குள் இறங்கியதும் சேறு கரைந்து சுழன்றது. அவன் அவளைப் பார்த்தான். முதல் தடவையாக அந்த முகத்தில் நிச்சயம் குறைந்திருந்தது.

"ஐயா என்ன சொன்னவர்?"

"உள்ள போய் நீங்களே கேளுங்கோ. இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ." துவாயைத் தோளிலிருந்து எடுத்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கேத்தல் கொதிக்கும்வரை கல்லைத் தடவிக்கொண்டு நிண்டீங்களே, அண்டையில இருந்து பிடிச்சிருக்கு. என்னைக் கட்டுவியளோ?"

"நான் கேக்க இருந்ததைத் தகப்பனும் மகளும் மாறிமாறி முந்துறியள்..." அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, இந்தமுறை சுண்ணாம்பு இல்லை. "எனக்கு உங்களில விருப்பம். வாளி எங்க எண்டு கேட்டனே, அப்பவே விருப்பம். ஆனால் தலை..."

"தலையை ஆர் கேட்டது?" றோஸ்மலர் துவாயை அவன் மடியில் போட்டாள். "மற்றக் காலையும் வையுங்கோ. கால் கழுவினால் காணும்."